ஸ்டெம் செல் ஊசி சிலிக்கோசிஸைக் குணப்படுத்துமா? தங்கவயல் குடும்பங்கள் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

7,653 பேர். அதில் 43.7 சதவீதம்.

இந்தியாவில் சமூக மருத்துவம் படிக்கிற மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் எண்கள் இவை. கோலார் தங்கச் சுரங்கங்களில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்கள் 7,653 பேர், அவர்களில் 43.7 சதவீதம் பேருக்கு நுரையீரலில் சிலிக்கோசிஸ். நாட்டில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதும் அங்கேதான், 1947-ல். அந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து போனவர்கள். வீட்டில் தமிழ் பேசியவர்கள்தான் அதிகம்.

பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சுரங்கத்தை மூடியதால் நோய் நின்றுவிடாது. தூசியிலிருந்து விலகிய பிறகும் பல வருஷங்களுக்கு வளரக்கூடிய நோய் இது. மூடப்பட்ட அன்று 35 வயதாக இருந்த ஒரு தொழிலாளி இன்றைக்கு 60-ஐத் தொட்டிருப்பார். சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், கோரமண்டல் லைன் வீடுகளில் மாடிப்படி ஏறத் தேவையே இல்லை. ஆனாலும் குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்குகிறது என்றால் அதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கிறார் என்று வையுங்கள். டாக்டர் "இதுக்கு மருந்து கிடையாது, சமாளிச்சுக்கிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மகன் செல்போனில் தேடுகிறார். நுரையீரல் தழும்புக்கு, ஆட்டிசத்துக்கு, முதுகுத்தண்டு காயத்துக்கு, முழங்கால் வலிக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வருகிறது: ஸ்டெம் செல். உங்கள் சொந்த செல்தான், பக்கவிளைவே இல்லை, இத்தனை லட்சம்.

கட்டலாமா?

ஸ்டெம் செல் ஆராய்ச்சி பற்றிய அறநெறி விவாதம் என்றாலே 'கரு உயிரா இல்லையா' என்பதைத்தான் பெரும்பாலும் பேசுவார்கள். அது முக்கியமான கேள்விதான், அதற்கும் வருவோம். ஆனால் தங்கவயலில் ஒரு குடும்பத்தின் மேல் விழுகிற கேள்வி வேறு. சோதனையில் இருக்கிற ஒன்றை சிகிச்சை என்று சொல்லி விற்கலாமா? அதற்கு நோயாளியே பணம் கட்டலாமா?

நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது?

கோலாரில் தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள்தான் இருந்தது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவ சிலிக்கா. அதாவது தங்கத்தை எடுக்க எந்தக் கல்லை உடைக்க வேண்டுமோ, அந்தக் கல்லின் தூள்தான் நோய். துளை போடும்போதும் வெடி வைக்கும்போதும் கிளம்புகிற தூசியில், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்துவிடும்.

அங்கே மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்கள் இருக்கின்றன. அவை துகளை விழுங்கும். ஆனால் கல்லைச் செரிக்க முடியாது. விழுங்கிய செல் செத்து, உள்ளே இருந்த துகளையும் அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் வெளியே விடும். அடுத்த செல் வந்து அதே துகளை விழுங்கும். இது வருஷக்கணக்கில் நடக்க நடக்க, சுற்றிலும் தழும்பு கட்டும். பஞ்சு மாதிரி இருந்த இடம் முடிச்சு முடிச்சாக இறுகிவிடும். தூசியில்லாத இடத்துக்கு வந்த பிறகும் நோய் வளர்வது இதனால்தான்: துகள் உள்ளேயே இருக்கிறதே. இந்த நுரையீரலுக்குக் காசநோய் வரும் ஆபத்தும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் செல் விளம்பரத்தை எடைபோட இது தேவைப்படும்.

ஸ்டெம் செல் எல்லாம் ஒன்றல்ல

தமிழில் குருத்தணு என்கிறோம். இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல்; தன்னையே பெருக்கிக்கொள்ளும், தேவைப்பட்டால் வேறு வகை செல்லாகவும் மாறும். இந்த ஒரே பெயரில் குறைந்தது நாலு வேறு வேறு சமாசாரங்கள் புழங்குகின்றன. ஏமாற்று வேலை தொடங்குவதே இந்தக் குழப்பத்தில்தான் என்பது என் எண்ணம்.

முதலாவது, எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல். ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வேலூர் சிஎம்சியில் 1986 முதல் செய்கிறார்கள். இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை, இதில் சர்ச்சை இல்லை.

இரண்டாவது, மெசன்கைமல் செல்கள். மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடித் திசு ஆகியவற்றிலிருந்து எடுப்பவை. விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு முதலில் வளர்த்தது. நான்காவது, சாதாரணத் தோல் செல்லையே ஆய்வுக்கூடத்தில் பின்னோக்கித் திருப்பி, கரு செல் போல மாற்றுவது. இதை ஜப்பானின் ஷின்யா யாமனாகா 2006-ல் எலி செல்லில் செய்துகாட்டினார், 2012-ல் நோபல் வாங்கினார்.

முதல் வகையின் வெற்றிக் கதையைச் சொல்லி இரண்டாவது வகையை விற்பது ரொம்ப சுலபம். "ஸ்டெம் செல்லால் கேன்சரே குணமாகுதுங்க, நுரையீரல் ஆகாதா?" என்று கேட்டால் கேட்பவருக்கு நியாயமாகத்தான் படும். ஆனால் அது வேற செல், இது வேற செல்.

கரு பற்றிய சண்டையில் பெங்களூரு

கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுக்க, சுமார் ஐந்து நாள் வளர்ந்த கருவைக் கலைக்க வேண்டும். ஊசிமுனை அளவுகூட இல்லாத செல் உருண்டை அது. கருத்தரிப்பு சிகிச்சையில் மிஞ்சிப்போன கருக்கள்தான் பெரும்பாலும் பயன்படுகின்றன. இருந்தாலும், கருத்தரித்த நொடியிலிருந்தே மனித உயிர் என்று நம்புகிறவர்களுக்கு இது ஒரு உயிரைக் கொன்று இன்னொன்றைக் காப்பாற்றுவது. கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாடு இதுதான். கத்தோலிக்கக் குடும்பங்கள் கணிசமாக இருக்கிற தங்கவயலில் இதை யாரோ வெளிநாட்டுக்காரர்களின் வாதம் என்று ஒதுக்க முடியாது. கருவுக்கு மதிப்பு உண்டு, ஆனால் எப்படியும் அழிக்கப்படப் போகிற கருவை நோய் தீர்க்கும் ஆய்வுக்குக் கொடுப்பதில் தப்பில்லை என்பது மறுதரப்பு.

2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நடுவழி ஒன்றை அறிவித்தார். அந்தத் தேதிக்கு முன் உருவாக்கப்பட்டிருந்த கரு செல் வரிசைகளில் நடக்கும் ஆய்வுக்கு மட்டும்தான் அரசுப் பணம். புதிதாகக் கருவை அழித்தால் கிடையாது. உலகம் முழுக்கத் தேடி 64 செல் வரிசைகளைப் பட்டியல் போட்டார்கள். அதில் 10 இந்தியாவில் இருந்தவை. மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்ஸஸிடம் 7. பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திடம் 3.

தங்கவயலில் சுரங்கம் மூடி ஆறு மாசம்கூட ஆகாத நேரம். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூருவுக்கு வேலை தேடிப் போக ஆரம்பித்தவர்களுக்கு, அந்த ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்தின் மூன்று செல் வரிசைகள் பற்றி வாஷிங்டனில் பேசிக்கொண்டிருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்போது இந்தியாவில் ஸ்டெம் செல்லுக்கென்று தனி வழிகாட்டுதலே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும், அதாவது ஐசிஎம்ஆரும், உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து முதல் வழிகாட்டுதலை 2007-ல்தான் கொண்டுவந்தன. இன்று நிலைமை தெளிவு. மிஞ்சிய கருவைத் தம்பதியின் சம்மதத்தோடு மட்டுமே ஆய்வுக்குத் தரலாம். 14 நாளைத் தாண்டி கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கக் கூடாது. மனித குளோனிங் தடை. 2021-ன் கருத்தரிப்பு உதவித் தொழில்நுட்பச் சட்டமும், சேமிப்புக் காலம் முடிந்த கருவை சம்மதத்தோடு ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்க இடம் தருகிறது. பெங்களூரு ஜவஹர்லால் நேரு மேம்பட்ட அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு, கருப்பையில் வைக்கத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து இரண்டு செல் வரிசைகளை உருவாக்கி 2009-ல் வெளியிட்டது. இந்த விவாதத்துக்கு ஆய்வுக்கூடம் சொன்ன ஒரு நாணயமான பதில் என்று இதைச் சொல்லலாம்.

இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்றவர்கள் 'இதனால் யாருக்குக் குணமானது?' என்று இருபது வருஷம் கேட்டார்கள். 2025 ஜூனில் ஒரு பதில் வந்தது. கரு ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை உருவாக்கி டைப்-1 சர்க்கரை நோயாளிகளுக்குச் செலுத்திய வெர்டெக்ஸ் நிறுவனத்தின் சோதனையில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. அதே சமயம், அந்த செல்களை உடல் நிராகரிக்காமலிருக்க அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது.

1998-க்கும் 2025-க்கும் இடையே 27 வருஷம். ஸ்டெம் செல் நிஜமாகவே மருந்தாக எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சரி, சிலிக்கோசிஸுக்கு ஆய்வு எந்த அளவில் இருக்கிறது?

எலிகளில் மெசன்கைமல் செல்கள் அழற்சியைக் குறைத்து, தழும்பு கட்டுவதை ஓரளவு தடுத்திருக்கின்றன. மனிதர்களிடம், பிரேசிலிலும் சீனாவிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளிடம் ஆரம்பநிலைச் சோதனைகள் நடந்தன. அவற்றின் முதல் நோக்கம் 'குணமாகிறதா' என்பதல்ல. 'கெடுதல் வராமல் இருக்கிறதா' என்பது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாமல் மூன்று, நான்கு பேரை வைத்து குணம் பற்றிப் பேசவே முடியாது. மூச்சுத்திணறல் ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் குறையும். பெரிய தொகை கட்டிய பிறகு குறைந்த மாசத்தைத்தான் மனசு பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல். மெசன்கைமல் செல்கள் போய் புது நுரையீரலாக வளர்வதில்லை. ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினால் பெரும்பாலானவை முதலில் நுரையீரலின் நுண்குழாய்களில்தான் சிக்கும், சில நாட்களில் மறைந்துவிடும். அந்த நாட்களில் அவை விடும் சில பொருட்கள் அழற்சியைத் தணிக்கலாம் என்பதுதான் விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு. ஆனால் கல் துகள் அங்கேயேதான் இருக்கும். ஏற்கெனவே இறுகிய தழும்பும் அங்கேயேதான் இருக்கும். ஆகவே "புது நுரையீரல் வளரும்" என்று ஒருவர் சொன்னால், அவர் இந்த செல்லைப் பற்றி உங்களிடம் உண்மை பேசவில்லை.

இந்த நோய்க்கு ஏன் பெரிய சோதனைகள் இல்லை? ஏழைத் தொழிலாளிகளின் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தால் வாங்குவது யார் என்ற கணக்கு அதில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை அறுத்த இளைஞர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்து, 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்தார்கள். பணக்கார நாட்டில் நோய் வந்த பிறகு இந்தப் பெயர் மறுபடி செய்தியில் அடிபடுகிறது.

"சொந்த செல்தானே, என்ன ஆகிவிடும்?"

என்ன ஆகும் என்பதற்குப் பதிவான உதாரணங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மூன்று பெண்கள் கண் பார்வை சரியாகும் என்று நம்பி, தங்கள் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களையே கண்ணில் செலுத்திக்கொண்டார்கள். பார்வை மோசமாகப் பறிபோனது. இது 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. சொந்த செல்தான், செய்தது ஒரு தனியார் கிளினிக், பணம் கட்டியது நோயாளி.

அரிதான மூளை நோய் கொண்ட ஓர் இஸ்ரேலிய சிறுவனுக்கு மாஸ்கோவில் சிசுக்களின் நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். சில வருஷம் கழித்து மூளையிலும் முதுகுத்தண்டிலும் கட்டிகள். சோதித்தபோது, கட்டி வளர்ந்தது அவனுடைய செல்லிலிருந்து அல்ல, கொடுக்கப்பட்ட செல்லிலிருந்து. 2009-ல் வெளியான ஆய்வு இது.

பெரிய இடம் என்பதாலும் பயம் போய்விடாது. ஸ்வீடனின் புகழ்பெற்ற கரோலின்ஸ்காவில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவைசிகிச்சை நிபுணர், ஸ்டெம் செல் பூசிய பிளாஸ்டிக் மூச்சுக்குழாயை 2011 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தினார். உலகமே கொண்டாடியது. நோயாளிகள் இறந்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறை விதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது, ஓட்டை எங்கே இருக்கிறது?

இது கொஞ்சம் குழப்பமான இடம், பொறுமையாகப் படியுங்கள்.

2007 வழிகாட்டுதலின் தலைப்பில் 'ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்று இருந்தது. 2013-ல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். நிரூபணமான மஜ்ஜை மாற்று தவிர, மற்றபடி நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது அனுமதி பெற்ற, கண்காணிக்கப்படும் சோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். வெளியே செய்தால் அது அறநெறிக்குப் புறம்பானது, மருத்துவ முறைகேடு. 2017 திருத்தமும் அதே வழியில்தான் போகிறது. ஒரு சொல்லை நீக்கியது சின்ன விஷயம் மாதிரி தோன்றும். ஆனால் விளம்பரப் பலகையில் இருப்பதும் அந்த ஒரு சொல்தானே.

2019-ன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் இன்னொரு படி போயின. ஸ்டெம் செல்லிலிருந்து தயாரித்த பொருள் 'புதிய மருந்து'. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. இப்படி முறையாக அனுமதி வாங்கியவையும் உண்டு. பெங்களூருவின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் தயாரித்த ஸ்டெம்ப்யூசெல், கால் ரத்த ஓட்டம் அடைபட்டு அழுகும் நிலைக்குப் போகிற நோய்க்கு அனுமதி பெற்றது. அந்த நோய் பற்றி மட்டும்தான் அந்த அனுமதி பேசும். அதைக் காட்டி நுரையீரலுக்கு விற்க முடியாது.

இப்போது ஓட்டை. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையையோ, வயிற்றிலிருந்து கொழுப்பையோ எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதே நாளில் அதே ஆளுக்குச் செலுத்தினால் அது மருந்தா, அறுவை முறையா? "நாங்க எதையும் தயாரிக்கல, உங்க செல்லை உங்களுக்கே குடுக்கிறோம்" என்று கிளினிக் சொல்லும். மருந்து இல்லை என்றால் மருந்துக் கட்டுப்பாட்டாளருக்கு அங்கே என்ன வேலை? ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் இதையும் சோதனையாகத்தான் செய்யச் சொல்கிறது. ஆனால் வழிகாட்டுதல் சட்டமில்லை, மீறினால் போலீஸ் வராது. மருத்துவ கவுன்சில்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022 டிசம்பரில் ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் பரிந்துரைக்கப்படவில்லை என்று தனியாக அறிவிக்க வேண்டி வந்ததே, பொதுவான விதி மட்டும் போதவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

காத்திருக்க முடியாதவர்கள்

இந்த இடத்தில் ஒரு மறுவாதம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையாகாது. "27 வருஷம் ஆகும்னு சொல்றீங்க. எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம்கூட இருக்கான்னு தெரியல. அவர் உயிர், எங்க காசு. முயற்சி பண்ணக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு அமெரிக்கா 2018-ல் 'முயன்று பார்க்கும் உரிமை' சட்டம் போட்டது. ஜப்பான் 2014 முதல், செல் சிகிச்சைகளுக்குக் குறைந்த ஆதாரத்தை வைத்தே நிபந்தனையோடு தற்காலிக அனுமதி தருகிறது. இந்திய விதிகளிலும், உயிருக்கு ஆபத்தான நோயாளிக்காக, இன்னும் அனுமதி பெறாத மருந்தை அரசு மருத்துவமனை மூலம் வரவழைக்க வழி இருக்கிறது. ஆக, நோயாளியின் அவசரம் எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்டதுதான்.

ஆனாலும் உரிமை என்று பேச, முதலில் தெரிந்து சம்மதிக்க வேண்டும். ஆதாரம் இல்லை என்று தெளிவாகச் சொல்லப்பட்டு, அதற்குப் பிறகும் ஒருவர் சரி என்றால் அது அவர் முடிவு. விளம்பரம் அப்படிச் சொல்வதில்லை. ரெண்டாவது, கட்டணம் வாங்கும் கிளினிக் விளைவுகளைக் கணக்கு வைத்து வெளியிடுவதில்லை என்றால், உங்கள் அப்பாவின் உடம்பில் நடந்த சோதனையிலிருந்து அடுத்த நோயாளிக்கு ஒரு பாடமும் கிடைக்காது. ஆபத்து சோதனையினுடையது, லாபம் மட்டும் சிகிச்சையினுடையது. டேட்டா வேலை செய்கிறவளாக எனக்கு இதுதான் உறுத்துகிறது: எத்தனை பேருக்கு ஊசி போட்டார்கள், எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்ற அட்டவணையே இல்லாத இடத்தில் 'வெற்றி விகிதம்' மட்டும் பளிச்சென்று எழுதியிருக்கிறது.

வேலூரில் நடந்தது

ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். தங்கவயல்காரர்கள் பெரிய வியாதி என்றால் போகிற வேலூர் சிஎம்சி வளாகத்திலேயே ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது. ஹீமோஃபீலியா-ஏ என்ற ரத்தம் உறையாத நோய்க்கு, அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, குறைபாடுள்ள காரணி-8 மரபணுவின் சரியான பிரதியை அதில் சேர்த்துத் திரும்பச் செலுத்தியது. 5 நோயாளிகள். கண்காணித்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது.

ஐந்தே பேர். அந்த ஐந்து பேரின் கணக்கும் உலகத்தின் முன்னால் இருக்கிறது, கீமோதெரபி கொடுக்க வேண்டியிருந்தது உட்பட. யாரும் 'குணம் உறுதி' என்று பலகை வைக்கவில்லை.

இதே நோய்க்கு வேறு வகையில் தயாரான ஒரு மரபணு மருந்து அமெரிக்காவில் 29 லட்சம் டாலருக்கு விலை குறிக்கப்பட்டது. அடுத்த அறநெறிக் கேள்வி அங்கே நிற்கிறது: யாருடைய உடம்பில் சோதித்தார்களோ அவர்களால் அதை வாங்க முடியுமா? தங்கவயலுக்கு இது புதுசில்லை. 7,653 பேரைப் பரிசோதித்ததில் மருத்துவ உலகத்துக்கு நிலையான ஒரு எண் கிடைத்தது. இன்று ஊரைச் சுற்றி 13 சயனைடு மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த கல். அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. அந்தத் தூசியை யார் மூச்சு இழுக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை எந்த ஸ்டெம் செல் ஆய்வும் தீர்க்காது. தண்ணீர் தெளிப்பதும் மாஸ்க்கும் கண்காணிப்பும்தான் தீர்க்கும்.

உங்களிடம் ஒருவர் ஸ்டெம் செல் என்று சொன்னால்

முதலில், இது சோதனையா சிகிச்சையா என்று நேராகக் கேளுங்கள். சோதனை என்றால் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது சோதனை இல்லை. சிகிச்சை என்றால், எந்த நோய்க்கு மருந்துக் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். "ரெண்டுமே"ன்னு பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும். சிடிஆர்ஐ என்பார்கள், 2007 முதல் இயங்குகிறது, 2009 ஜூன் 15-லிருந்து பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவு இருப்பதாலேயே நல்ல சோதனை என்று ஆகாது, ஆனால் பதிவே இல்லை என்றால் பேச்சே வேண்டாம். பதிவில் எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், யாரைத் தொடர்புகொள்வது என்று எல்லாம் இருக்கும். அந்த நெறிமுறைக் குழுவிடம் நீங்களே பேசலாம்.

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். பெங்களூருவில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நீட்டினால், தமிழில் கேளுங்கள்; அது சலுகை இல்லை, விதி. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்பது அந்தப் படிவத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதும்.

சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு இன்றே செய்யக்கூடியவை சில இருக்கின்றன, பெரும்பாலும் செலவு குறைவு: காசநோய் சோதனை, பீடி சிகரெட்டை நிறுத்துவது, நிமோனியா மற்றும் ஃப்ளூ தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, தேவைப்பட்டால் வீட்டில் ஆக்சிஜன். பழைய எக்ஸ்ரே, சுரங்க வேலைச் சான்று எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள், இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அவைதான் ஆதாரம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், "குணமாகும்" என்று அவர்கள் எழுதி அனுப்பியது எதையும் அழிக்காதீர்கள். சிகிச்சை நடந்த மாநிலத்தின் மருத்துவ கவுன்சிலில் டாக்டர் மேல் புகார் கொடுக்கலாம், கட்டிய பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருஷம்தான் கெடு.